தீவன மெஷினுக்குள் தமிழ் போன கதை

இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு விழும். என் தொழிலில் அந்த இரண்டு பேரும் மனிதர்கள்கூட இல்லை என்பதால், திட்டுவதற்கு மூன்றாவது ஆட்கள் வருகிறார்கள்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கம்பெனி இருக்கிறது. கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் கலக்கும் மெஷின் செய்கிறோம். இரும்பு வேலை எல்லாம் கீழே. மாடியில் நானும், எனக்கு மூத்தவரான சுரேஷ் அண்ணாவும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறோம். பகல் முழுக்கத் தகரம் அடிக்கிற சத்தம். யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது ரொம்ப வசதி.

மெஷினுக்குள் இரண்டு மொழிகள் இருக்கின்றன. மக்காச்சோளத்தை எடை போடுவது, தொட்டிக் கதவைத் திறப்பது, மோட்டாரைச் சுற்றுவது எல்லாம் ‘சி’ மொழியில். சுரேஷ் அண்ணா பல வருஷத்துக்கு முன்னால் எழுதியது. வேகம் அதிகம், பேச்சுக் குறைவு. தீவனத்தின் பெயர், எந்தத் தீவனத்தில் எது எவ்வளவு என்கிற விவரம் எல்லாம் ‘பைத்தான்’ மொழியில். கலவையை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் அதைச் சுலபமான மொழியில் வைத்திருக்கிறோம். சியின் வீட்டில் பைத்தான் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் சொன்ன பெயரைக் கூடத்துக்குக் கொண்டுவருவதும், கூடத்தில் சொன்னதை அறைக்குக் கொண்டுபோவதும் என் வேலை.

கேட்கச் சுலபம். பைத்தானுக்குச் சொல் என்றால் சொல்தான். அது எவ்வளவு நீளம் என்று அதற்கே தெரியும். சிக்கு அந்த ஞானம் கிடையாது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கடைசி நாற்காலியில் ஒரு பூஜ்யத்தை உட்கார வைத்தால், அதுவரை இருப்பதெல்லாம் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து ஒண்டிக்கட்டை. ஒரு நாற்காலி போதும். தமிழில் ‘ம’ வந்தால் மூன்று நாற்காலி. ‘மு’ வந்தால் ஆறு. உங்களில் யாராவது கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்திருந்தால், நீங்களும் நானும் ஒரே ஜாதகம்.

இளம்பிள்ளையில் ஒரு தற்செயல்

அம்மாவோடும் பெரியம்மாவோடும் இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சேலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அவரைப் பார்த்து, “அட, நீங்களா!” என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தில் ஒத்திகை தெரிந்தது. எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா என்று புரிந்ததும் நான் கையிலிருந்த சேலையின் முந்தானைக்குள் கிட்டத்தட்ட நுழைந்துவிட்டேன்.

“அம்மிணி என்ன வேலைக்குப் போகுது?” என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காப்பாற்ற வந்தார். “மெசினுக்குள்ள ரெண்டு பாசை இருக்குதுங்க. ஒண்ணு சொல்றத இன்னொண்ணுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லோணும். அதுதானுங்க இவ வேலை.” வீட்டில் நான் சொன்னதை அம்மா இவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாள் சேலையை மடித்து வைத்துவிட்டு, உண்மையாகவே வியந்துபோய்க் கேட்டார்:

“ஏனுங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தருகிட்டப் போயிச் சொல்றதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க? எங்கூட்டுல இத எல்லாரும் சும்மாவே செய்யறாங்களே!”

மருந்துத் தண்ணீரில் கால் வைத்து

மெஷின் திரையில் தமிழ் வேண்டும் என்று முதலில் கேட்டவர் மோகனூர் ரோட்டில் பண்ணை வைத்திருக்கும் நல்லமுத்து ஐயா. அதுவரை எங்கள் மெஷின்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசின. அவர் கேட்டதற்குக் காரணம் மல்லிகா அக்கா. பண்ணையின் பழைய தீவன மெஷினை ஓட்டியவர் அவர்தான். அதில் எழுத்தே கிடையாது, வெறும் கைப்பிடிகள். புது மெஷினில் திரையைப் படித்துத்தான் தொட வேண்டும். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் என்றால் பகோடா கட்டிவந்த காகிதத்தைக்கூடப் படித்து முடித்துவிட்டுத்தான் போடுவார்.

கோழிப்பண்ணைக்குள் போகிறவர்கள் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துத்தான் போக வேண்டும். புதுச் செருப்போடு போயிருந்த நான், அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது என யோசித்தபடி தொட்டிக்குள்ளேயே நின்றிருந்தேன். நல்லமுத்து ஐயா அங்கேயே வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். அவனை மெஷினில் உட்கார வை என்று அவன் அம்மா தினமும் நச்சரிக்கிறார். “மல்லிகா நல்லா ஓட்டுவா, அவளே ஓட்டட்டும்னுதான் எனக்கும். ஆனாப் புதுக் குஞ்சு வந்து எறங்கறதுக்குள்ள தமிழ் ஒழுங்கா வந்தறோணும். வரலீன்னா இங்கிலீசுக்கு மாத்திப்போட்டு அவனையே உக்கார வெச்சர்றன். எங்கக்காகிட்ட என்னால மல்லுக்கட்ட முடியாது.”

மெஷின் அறையில் மல்லிகா அக்கா, மெஷின்காரம்மா. அங்கிருந்து எழுப்பிவிட்டால் கொட்டகையில் முட்டை பொறுக்குகிற பெண்களில் ஒருவர். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என் கண்கள் தரையைப் பார்த்தன. அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது:

“கண்ணு, உனக்கு வராதுன்னா இப்பவே சொல்லிப்போடு, எடங் காலியாவுறதுக்குள்ள நா போயி ஒரு நல்ல முட்டக் கூடையாப் பாத்து எடுத்துக்கறன்.”

மூட்டை கேட்ட கேள்வி

தீவனம் கலந்து முடிந்ததும் மூட்டைக்கு ஒரு சீட்டு அச்சாகும். திரையில் தமிழ் வந்த நாள், சீட்டிலும் வந்துவிட்டது என்று நான் நம்பிவிட்டேன். சீட்டு அடிக்கும் பகுதிக்குப் பெயரைக் கொண்டுபோகிற வழியில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒரு பழைய வரி உட்கார்ந்திருந்தது. தனக்குப் புரியாத எழுத்து வந்தால், மரியாதையாக ஒரு கேள்விக்குறியாக மாற்றி அனுப்பிவிடும். தமிழில் அதற்குப் புரிந்தது சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மட்டும்.

மூட்டை அடுக்குகிற பெரியசாமி அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிசையாகக் கேள்விக்குறிகள். மூட்டையைத் தோளில் ஏற்றாமல் கீழே வைத்துவிட்டு மல்லிகா அக்காவைக் கூப்பிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பெரியசாமி அண்ணனுக்குக் கோபமெல்லாம் இல்லை, நியாயமான வருத்தம்தான்:

“என்ன தீவனம்னு மூட்டையே எங்களக் கேட்டா நாங்க என்னத்தச் சொல்றதுங்க?”

இரவல் பெயர்

சீட்டைச் சரிசெய்தபின் வந்தது இது. பைத்தானிடம் ஒரு பெயர் கேட்டால் அது பெயரைக் கையில் தராது. “அந்த அலமாரியில் இருக்கிறது, பார்த்துக்கொள்” என்று இடத்தைக் காட்டும். பார்த்துவிட்டு உடனே வேண்டியதை எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் சி என்ன செய்தது என்றால், இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, நிதானமாகப் பிறகு போய்ப் பார்த்தது. பைத்தான் சுத்தக்காரி. வேலை முடிந்த பெயரை எடுத்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் வேறு எதையோ வைத்திருக்கும்.

விளைவு: ‘வளர்கோழித் தீவனம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கதவு திறந்திருக்கிறது’ என்று வந்தது. அது எச்சரிக்கைக்காக எழுதி வைத்திருந்த வாசகம். மல்லிகா அக்கா படித்துவிட்டுச் சும்மா இருப்பவர் அல்ல. மக்காச்சோளத் தொட்டி, சோயாத் தொட்டி, மின்சாரப் பெட்டி, கொட்டகை வாசல் என்று ஒவ்வொரு கதவாகப் போய் இழுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு எனக்குப் போன் செய்தார். நான் “ஹலோ” என்பதற்குள்:

“பண்ணையில அத்தன கதவையும் சாத்திப்போட்டு வந்துட்டன் கண்ணு, இனி மிச்சம் உங்காபீசுக் கதவுதான்.”

இலை எடுக்க ஆளில்லை

இரவல் வேண்டாம், பெயரை நகல் எடுத்தே கொடுத்துவிடலாம் என்று மாற்றினேன். உடனே சரியாயிற்று. ஆனால் நகல் எடுத்தால், வேலை முடிந்ததும் யாராவது அதை அப்புறப்படுத்த வேண்டும். பைத்தான் பார்த்துக்கொள்ளும் என்று சி நினைத்தது. சி எடுத்ததுதானே, சியே பார்த்துக்கொள்ளட்டும் என்று பைத்தான் இருந்துவிட்டது. காலையில் துள்ளி ஓடிய மெஷின் சாயங்காலத்தில் ஒரு பட்டனைத் தொட்டால் யோசித்து யோசித்துப் பதில் சொன்னது. பழைய நகல்கள் உள்ளே மலையாகக் குவிந்திருந்தன.

இதை எங்கள் முதலாளிக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று. அவர் வெல்டிங் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார். அன்றைக்கு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லச் சொல்ல, முகம் மலர்ந்துவிட்டது:

“பந்தி போட்டீங்க செரி, எலை எடுக்க ஆள் வெக்கலியா?”

வாலை நறுக்கியது

சியில் ஒவ்வொரு தீவனப் பெயருக்கும் முப்பத்திரண்டு நாற்காலிகள். ஆங்கிலப் பெயர் காலத்தில் சுரேஷ் அண்ணா போட்டது. அப்போது பாதி காலியாகக் கிடந்தன. ‘முட்டைக்கோழித் தீவனம்’ வந்தபோது ‘முட்டைக்கோ’வுக்கே இடம் கிட்டத்தட்ட முடிந்து, அடுத்த எழுத்து பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றது. அந்த அரை எழுத்தைப் பைத்தானிடம் திருப்பிக் கொடுத்தால், இது எழுத்தே அல்ல என்று வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

சுரேஷ் அண்ணா இரண்டு வேலை செய்தார். திரைக்கு மட்டும் முழுப்பெயரையும் நேராக அனுப்பினார். தொட்டிக் கதவுகளைத் திறக்கும் பகுதிக்கு, அந்த முப்பத்திரண்டு நாற்காலிக்குள் முழு எழுத்தாகக் கொள்ளும் அளவோடு பெயரை நறுக்கிக் கொடுத்தார். அந்தப் பகுதி நறுக்கிய பெயரைத் தன் வரிசையில் மேலிருந்து தேடும்; முதலில் பொருந்துவது எதுவோ அந்தக் கலவையைப் போடும். இரண்டு தீவனத்துக்கு ஒரே தொடக்கம் இருந்தால் என்ன செய்வது என்று நான் மெல்லக் கேட்டேன். கீழே தகரம் அடித்தார்கள். அவருக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. இப்படிச் சொன்னார்:

“வால் எதுக்கும்மா? ஆளத் தெரிஞ்சுக்கறதுக்கு மூஞ்சி போதும்.”

முருகன் முன்னால் நின்ற நாள்

குஞ்சுகள் வந்திறங்கும் காலை. வேன் நிறைய அட்டைப் பெட்டிகள். பெட்டி பெட்டியாகக் கீச்சுச் சத்தம். முதல் தீவனத்தைப் பூஜை போட்டுத்தான் கலக்க வேண்டும் என்று நல்லமுத்து ஐயா சொல்லியிருந்ததால் என்னையும் வரச் சொன்னார்கள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டு ‘முருகன் துணை’ என்று எழுதிவிடுவார். தண்ணீர்த் தொட்டியில், டிராக்டரில், குஞ்சுக் கொட்டகை நிலைப்படியில் எல்லாம் அது உண்டு. முதல் நாள் மாலை தன் அக்கா மகனைக் கூப்பிட்டு, மெஷினில் ஒவ்வொரு தீவனப் பெயருக்கு முன்னாலும் அதை அடிக்கச் சொல்லியிருக்கிறார். பையன் சொன்னதைச் சுத்தமாகச் செய்திருந்தான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாமி கும்பிட்டதை யாராவது கம்பெனிக்குப் போன் செய்து சொல்வார்களா?

மல்லிகா அக்கா குளித்து, தலையில் பூ வைத்து வந்திருந்தார். திரையில் ‘உ முருகன் துணை குஞ்சுத் தீவனம்’ என்று முழுசாக, அழகாக வந்தது. அவர் அதை உரக்கப் படித்துவிட்டுத் தொட்டார். நல்லமுத்து ஐயா கற்பூரம் காட்டி மணி அடித்தார். மக்காச்சோளம் விழுந்தது. சோயாப் புண்ணாக்கு விழுந்தது. அடுத்து, மணிச் சத்தத்துக்கு நடுவில், தகரத்தில் சரளை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சுண்ணாம்புக்கல். முட்டை ஓடு கெட்டியாக வேண்டும் என்று முட்டையிடும் கோழிகளுக்குப் போடுவது. அந்த அளவு குஞ்சுகளுக்குப் போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று நாமக்கல்லில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையைப் பார்த்தேன்: குஞ்சுத் தீவனம். தொட்டியைப் பார்த்தேன்: சுண்ணாம்புக்கல் கதவு திறந்திருந்தது. “அக்கா, கல்லு…” என்றேன். அது என் பல்லைத் தாண்டவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு என்ன நடந்தது என்றால், “நிறுத்துங்க!” என்று யாரோ கத்தினார்கள். நான்தான். சிவப்பு பட்டனையும் நான்தான் அறைந்திருந்தேன்.

மெஷின் நின்றது. மணியும் நின்றது. “ஏம்மிணி, தீபாராதன நேரத்துல நிறுத்திப்போட்டயே!” என்றார் நல்லமுத்து ஐயா. அவர் முகம் வாடிவிட்டது. நான் கல்லைக் காட்டியதும், வாட்டம் வேறு மாதிரி ஆயிற்று. “பேரு ஒண்ணு, போடறது ஒண்ணா? இது சரிப்படாது. இங்கிலீசுக்கே மாத்திப்போடலாம்.” மல்லிகா அக்கா மெஷின் மேலிருந்த கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்றார். ஐயாவின் அக்கா மகன் சங்கடத்தோடு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் என் இனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்திரண்டு நாற்காலியையும் பிள்ளையார் சுழியும் முருகனுமே நிரப்பிவிட்டார்கள். தீவனத்தின் பெயருக்கு உட்கார இடமே இல்லை. கதவு திறக்கும் பகுதிக்கு எல்லாத் தீவனமும் ஒரே பெயர். வரிசையில் முதலில் இருந்தது முட்டைக்கோழித் தீவனம், அதையே போட்டுவிட்டது. சுரேஷ் அண்ணாவுக்குப் போன் செய்தேன். “அவ்வளவுதானே? முருகன எடுத்துரு, உடனே ஓடிரும்” என்றார். நல்லமுத்து ஐயா கையில் இன்னும் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. “அண்ணா, முருகன எடுக்க முடியாதுங்க. முப்பத்திரண்ட எடுத்தர்றேன்” என்றேன். போனில் தகரம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், “செரி, எடு” என்றார்.

ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மெஷின் பேரோட முன்பக்கத்த மட்டுந்தானுங்க பாக்குது. எல்லாப் பேருக்கு முன்னாலயும் சாமி நிக்கறதுனால வித்தியாசம் தெரியலீங்க.” அவர் யோசித்தார். “அப்பச் சாமி பேரப் பின்னாடி தள்ளோணுமா?” என்று கேட்ட குரலிலேயே, முடியாது என்கிற பதிலும் இருந்தது. “வேண்டாங்க. மெஷினக் கடைசி வரைக்கும் படிக்க வெக்கறேன்.”

தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இத்தனை நாற்காலிதான் என்கிற கணக்கை எடுத்துவிட்டு, பெயரோடு அதன் நீளத்தையும் சேர்த்து அனுப்பி, எவ்வளவு பெரிய குடும்பம் வந்தாலும் அவ்வளவுக்கும் இடம் போடும்படி மாற்றினேன். விரலெல்லாம் மாவுத் தூசி. நான் வேலை செய்வதை இத்தனை பேர் பார்ப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கட்டும் என்று, அங்கே முன்னால் நின்றவரிடமே வேண்டிக்கொண்டேன். இதற்குள் கல் விழுந்த கலவையை வழித்தெடுத்து முட்டைக்கோழிப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். குஞ்சுகள் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கத்த ஆரம்பித்திருந்தன.

மறுபடி மல்லிகா அக்கா தொட்டார். சோளம். சோயா. எல்லோரும் சுண்ணாம்புக்கல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. மெஷின் சுற்றி முடித்ததும் நல்லமுத்து ஐயா ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, கல் இல்லை என்று தலையாட்டினார். புது நிரல் ஏற்றியதால் திரை ஒரு கேள்வி கேட்டு நின்றது: ‘ஓட்டுபவர் பெயர்?’ ஐயாவின் அக்கா மகன் பழக்கத்தில் கையை நீட்டினான். ஐயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மல்லிகான்னு போடு. தமிழ்லயே போடு. உங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறன்” என்றார். பையன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாவுத் தூசி அவனுக்கு ஆகாதாம், அதுவரை தும்மலை அடக்கிக்கொண்டே நின்றிருக்கிறான். ஒரு பெரிய தும்மல் போட்டுவிட்டு, மாமாவின் வழக்கப்படி முதலில் பிள்ளையார் சுழி போட்டு ‘முருகன்’ என்று அடித்தான். மல்லிகா அக்கா பதறி அவன் கையைத் தட்டிவிட்டார்:

“ஏஞ்சாமி, எம்பேருக்கு முன்னால அவரு வேண்டாம், நாளைக்கு நா வேலைக்கு வராட்டி, இந்த மெசினு என்னத் தேடிப் பழனிக்கு ஆளனுப்பிப் போடும்!”

வேலை ஒழுங்காக நடக்கிற நாளில் நடுவில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதால், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.